ஒரு மாதிரியா கீது

“ஒரு மாதிரியா இருக்கு” என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

புதிதாக மொழி உதவியாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் போன வாரம் இதைக் கேட்டேன். ஒருவர் ‘உடம்பு சரியில்லை’ என்று மொழிபெயர்த்தார். ஒருவர் ‘களைப்பு’ என்றார். மூன்றாமவர் அகராதி பார்க்கலாமா என்று கேட்டார். நான்காமவர் பதில் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் அவருக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

உங்களுக்காக என் அனுபவத்தை நாலு வார்த்தையில் எழுதித் தரும்படி மேட்ரன் கேட்டுக்கொண்டார். எதையும் நாலு வார்த்தையில் முடிப்பதுதான் இந்த ஆஸ்பத்திரியில் நான் செய்த பெரிய தப்பு. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டீ ஆறிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருவதற்கு முன் நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியல் காலேஜில் ஆங்கில வாத்தியார். என் சிறப்புப் பாடம் பிரெசி. ஒரு பத்தியைக் கொடுத்து, பொருள் கெடாமல் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கச் சொல்வார்களே, அது. உதாரணம், உவமை, புலம்பல், திரும்பச் சொன்னது எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘மூணுல ஒண்ணு’. நாற்பத்து நான்கு வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு என்று உறவினர்கள் கருதினார்கள். பெண் பார்க்கப் போன இடங்களிலும் நான் அந்த அளவுக்குத்தான் பேசினேன். பிறகு டுடோரியலை மூடினார்கள். அந்த இடத்தில் செல்போன் கடை வந்தது. நான் இங்கே வந்தேன்.

அப்போது, இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், இந்த ஆஸ்பத்திரி கிராமத்தில்தான் இருந்தது. பெருங்களத்தூர் ஜங்ஷனில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே திரும்பி, அபார்ட்மெண்ட் விளம்பரப் பலகைகள் எல்லாம் தீர்ந்த பிறகு வயல் வரும். வயலுக்கு நடுவே நாற்பது கட்டில். டாக்டர்களிலும் நர்சுகளிலும் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொண்டு செய்ய வந்தவர்கள். நம் ஊரும் ஒரு வெளிநாடு என்பதை அவர்களைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

காலை ஆறு மணிக்கு ஜெப மணி. பிறகு வாளித் தண்ணீரில் குளியல். ஒரு குளியலுக்கு எத்தனை சொம்பு என்று முதல் வாரம் அவர்களில் யாருக்கும் தெரியாது. டீ டம்ளரை விளிம்பில் பிடிக்கத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொள்வார்கள். மதியம் கரண்ட் போனால் வராந்தாவில் உட்கார்ந்து, துவைத்த ரப்பர் கையுறைகளைக் கொடியில் மாட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இருபது கைகள் யாரையோ வழியனுப்புவது போலிருக்கும். சனிக்கிழமை மாலை தாம்பரத்துக்குப் போய் இன்டர்நெட் சென்டரில் ஒரு மணி நேரம் வீட்டாரின் கடிதங்களைப் படிப்பார்கள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருக்கும். “தூசி” என்பார்கள். சென்டர் உள்ளே ஏசி அறை.

அவர்களில் மாரித் என்ற நர்ஸ் இரண்டு வருடம் இருந்தார். நார்வேக்காரர். கடலோரக் கிராமம், அப்பா மீனவர். வயது முப்பத்தொன்பது. மாரித் என்ற பெயரை நம் நோயாளிகள் மூன்றே நாளில் மாரி ஆக்கிவிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் மாரியம்மன் பெயரில் ஒரு நர்ஸ் நடமாடுவது எங்கள் போதகருக்குச் சங்கடமாக இருந்தது. மாரித்துக்குப் பிடித்திருந்தது. அவர் தமிழையும் நோயாளிகளிடமிருந்தே பொறுக்கிக்கொண்டார். ஆகவே ஆறடி உயரத்தில், நீலக் கண்ணோடு ஒருவர் வார்டுக்குள் வந்து “இன்னா கீது?” என்று கேட்பதை நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டும். நான் திருத்தப் பார்த்தேன். “நீங்கள் சொல்லும் தமிழை இங்கே ஒருவரும் பேசவில்லையே” என்றார். அதற்கு மேல் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கன்னியம்மா வருவார். கோவளம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து அலுமினிய அன்னக்கூடையில் மீன் ஏற்றிக்கொண்டு, இரண்டு வண்டி மாறி, பெருங்களத்தூர்வரை விற்றுக்கொண்டு வருகிறவர். வெளிநாட்டுக்காரர்கள் தங்கியிருந்த ஓட்டு வீட்டு வாசலில் கூடையை இறக்குவார். முதல் நாள் மாரித் குனிந்து, ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஒதுக்கி வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கன்னியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு சார் இது? நம்ம ஜாதியா?”

“நார்வே.”

“அது எந்தக் குப்பத்துக்கு அந்தாண்ட?”

சொன்னேன். மொழிபெயர்ப்பைக் கேட்டு மாரித் சிரித்தார். அதன்பிறகு செவ்வாய்தோறும் வாசலில் ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும், நடுவில் நான். அலை, வலை, புயலில் போனவர்கள், திரும்பி வராதவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே விஷயங்கள் தெரிந்திருந்தன. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. “சாருக்கு மீனும் தெரியாது, தண்ணியும் தெரியாது. வாய் மட்டும்தான் வாடகைக்கு” என்பார் கன்னியம்மா. அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். சுருக்கமாகச் செய்தேன்.

மாரித்துக்கு என் மேல் ஒரே ஒரு குறை. “அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் மூன்று வார்த்தை சொன்னீர்கள். மீதி எங்கே?” வெளிநோயாளி வரிசையில் இருநூறு பேர் நிற்கும்போது மீதிக்கெல்லாம் நேரமில்லை என்று நான் விளக்கினேன். நம் ஜனங்கள் காய்ச்சலைச் சொல்ல மருமகளில் ஆரம்பிப்பார்கள், அதில் தேவையானதைப் பிரித்தெடுப்பதுதான் என் திறமை என்றேன். இருபது வருடம் பிரெசி நடத்தியவனின் பெருமை என் குரலில் இருந்திருக்கும்.

மாலை நாலு மணிக்கு அந்த வீட்டு வாசல் பெஞ்சில் டீ. மேலே விமானம் போனால் மாரித் பேச்சை நிறுத்திவிட்டு அது மறையும்வரை பார்ப்பார். நான் பொழிச்சலூரில் குடியிருந்தேன், இன்றும் அங்கேதான். என் மொட்டை மாடிக்கு மேல் விமானம் போகும்போது சக்கரம் தெரியும். “அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்?” என்று ஒருநாள் கேட்டார். “யாரோ வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்” என்றேன். அவர் எனக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார். அதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன்.

இனி அந்த நாள். போகிக்கு முதல் நாள். வெளிநோயாளி அறையில் நானும், வந்து இரண்டு வாரமே ஆகியிருந்த ஒரு வெளிநாட்டு டாக்டரும். வரிசையில் கன்னியம்மா நின்றார். நோயாளியாக அவர் வந்தது அதுவே முதல் தடவை. கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

“இன்னா சார், இன்னிக்கு உன் வாய எனுக்கு வாடகைக்கு உடு” என்று ஆரம்பித்தார். “நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா கீது. இன்னான்னு சொல்லத் தெரியல. முதுவுல புடிச்சிகினு கீது. கூடையத் தூக்குனா தாடை வரைக்கும் இஸ்துகினு வருது. வேத்து ஊத்துது. சோறு எறங்கல. அத்த உடு. காலைல மீனு எடுக்க கரைக்குப் போனேன், அந்த நாத்தம் எனுக்கு ஆவவே இல்ல சார். கொமட்டுது. எம் மீனு எனுக்கே நாறுது. சொன்னா சிரிப்ப.”

சிரித்தேன். பிறகு டாக்டரிடம் திரும்பி, “சுமை தூக்குவதால் முதுகுவலி. பசி இல்லை” என்றேன். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டாக்டர் வலிக்கு ஒரு மாத்திரையும் வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். அவர் மேல் தப்பே கிடையாது. நான் சொன்ன நோய்க்கு அது சரியான மருந்து.

மதியச் சாப்பாட்டில் மாரித்திடம் அதை வேடிக்கையாகச் சொன்னேன். “உங்கள் தோழிக்கு இன்று மீன் நாறுகிறதாம்.”

மாரித் சிரிக்கவில்லை. “எங்கள் ஊரில் மீன்காரிக்கு மீன் நாறினால் ஒன்று கர்ப்பம், இல்லாவிட்டால் பெரிய நோய் என்பார்கள். கன்னியம்மாவுக்கு என்ன வயது?”

“ஐம்பத்தைந்து இருக்கும்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “அவர் சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்று விட்டதையும்.”

சொன்னேன். முதுகு. தாடை. வேர்வை. குமட்டல். ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து வெளியே வரும்போதுதான் அவை வரிசையாக எங்கே போகின்றன என்று எனக்கே தெரிந்தது. அவர் சொன்ன முதல் வாக்கியத்தில் மட்டும் சிக்கிக்கொண்டேன்.

“ஒரு மாதிரி என்றால்?”

“அது எல்லாரும் சொல்வது. அதற்கு அர்த்தமே கிடையாது.”

“அர்த்தம் இல்லாததை ஒருவர் ஏன் முதலில் சொல்கிறார்?” அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

கன்னியம்மாவிடம் செல்போன் கிடையாது. மிச்ச மீனை விற்க அவர் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குத்தான் போயிருப்பார் என்று வாசல் காவலாளி சொன்னார். ஆஸ்பத்திரி வேனில் கிளம்பினோம். பொங்கலுக்கு முந்திய பெருங்களத்தூரை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சென்னையில் பாதி, தெற்கே போக அங்கே பஸ்ஸுக்கு நிற்கும். ஜங்ஷனுக்கு அரை கிலோமீட்டர் முன்பே வேன் நின்றுவிட்டது. இறங்கி ஓடினோம். பிள்ளைகள், மூட்டைகள், கரும்புக் கட்டுகள், இவற்றுக்கு நடுவே தொப்பையோடு ஒரு வாத்தியார், முன்னால் வெள்ளைச் சீருடையில் ஆறடிப் பெண். ஜனங்கள் வழிவிட்டார்கள். அவருக்கு.

கன்னியம்மா ஸ்டாப் ஓரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கூடை. புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“இன்னா சார் பேஜாரு உன்னோட? காலைலதான் ஒன்னுமில்லன்னு மாத்திர குடுத்து அனுப்சீங்க. இத்த வித்தாதான். பொங்கல் மூணு நாளு மீனு வாங்க ஆளு இல்ல.”

மாரித் என்னிடம் சொன்னார்: “இதயம் என்று சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.”

என் பழக்கம் என்னை இடறியது. பதமாகச் சொல்லலாமா, ஒரு சின்ன டெஸ்ட் என்று கூட்டிப்போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பதமாகச் சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும். ஆகவே தரையில் உட்கார்ந்தேன்.

“மாரடைப்பா இருக்கும்னு மாரி சொல்றாங்கம்மா. காலைல டாக்டர் மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. நீ சொன்னத நான் முழுசா சொல்லல.”

“எத்த சொல்லல?”

“மீன் நாத்தம் ஆகலன்னு சொன்னியே. அதை.”

அவர் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை.

“அதான சார் முக்கியமே” என்றார்.

அவர் எழுந்திருக்கச் சம்மதித்தது அதற்குப் பிறகுதான். தாம் சொன்னது யாரோ ஒருவர் காதில் கடைசியில் விழுந்தது என்பதால்தான் வந்தார் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாரித் எங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்பலாம் என்றார். அங்கே ஈசிஜி இருந்தது, அவருக்குக் கை பழகிய இடம். நான் சாலையைப் பார்த்தேன். தெற்கே ஒரு சக்கரம் நகரவில்லை, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சாலையில் எங்கள் வேனும் மாட்டியிருந்தது. தாம்பரம் போகிற பக்கம் காலியாகக் கிடந்தது. பண்டிகைக்கு யார் ஊருக்குள் வருவார்கள்? “வேண்டாம். தாம்பரம் பெரிய ஆஸ்பத்திரி. பத்து நிமிஷம்” என்றேன். அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் முறை. அவர் உடனே ஆட்டோவைக் கை காட்டினார்.

“கூடை வந்தாதான் நான் வருவேன்” என்றார் கன்னியம்மா.

“மீன் கூடையா? சீட்டு நாறும் சார், நாளைக்கு எவன் ஏறுவான்?” என்றார் ஆட்டோக்காரர்.

“எனுக்கே நாறுது, போப்பா” என்றார் கன்னியம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

கூடை என் மடியில் வந்தது.

தாம்பரத்தில் அவசரப் பிரிவு டாக்டர் நம் ஊர்ப் பெண். நான் வழியெல்லாம் வரிசைப்படுத்தி, ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் நேராகக் கன்னியம்மாவிடம் கேட்டார்.

“என்னம்மா பண்ணுது?”

“ஒரு மாதிரியா கீது டாக்டரு.”

“எப்போலேர்ந்து?” என்று கேட்டுக்கொண்டே அவர் நர்ஸுக்கு ஈசிஜி என்று கை காட்டிவிட்டார். ஒரு மாதிரி என்றால் என்ன என்று கேட்கவே இல்லை. நான் தேவைப்படாத ஒரு இடத்தில் நின்றுதான் என் வேலையைக் கற்றேன்.

மாரடைப்புதான். முந்தைய நாளே தொடங்கியிருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கன்னியம்மா என் சட்டையைப் பிடித்தார். நான் குனிந்தேன். “மீனு கெட்டுடும். வித்துடு” என்றார்.

வேறு எதுவும் செய்ய முடியாத அந்த இரண்டு மணி நேரம், மாரித்தும் நானும் ஆஸ்பத்திரிக்கு எதிர் நடைபாதையில் மீன் விற்றோம். மாரித் செவுளைத் தூக்கிக் காட்டி “இன்னிக்கு புட்ச்சது” என்றார். நான் பொட்டலம் கட்டினேன். என் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “சார், நீங்களா?” என்றான். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான். மீன் தீர்ந்ததும் வெறும் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் மாரித் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவர் கையும் என் கையும் மீன் செதிலோடு அருகருகே இருந்தன. டாக்டர் வெளியே வந்து “தப்பிச்சிட்டாங்க” என்று சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.

கன்னியம்மா பிழைத்தார். பங்குனியில் மறுபடி செவ்வாய்க்கிழமை வந்தார். கூடை மருமகள் தலையில், அதிகாரம் இவர் கையில். பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் என்னை எதிரில் நிறுத்தி, “முழுசா சொல்லு சார். ஒன்னும் உடாத” என்பார். விடவில்லை. மருமகள், நாத்தனார், கனவில் வந்த செத்துப்போன புருஷன், எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன். வரிசை நீண்டது. யாரும் குறைசொல்லவில்லை. மாரித் தன் குறிப்பேட்டில் ‘ஒரு மாதிரி’ என்று தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே ஆங்கிலத்தில் ‘ஓடு’ என்று குறித்து வைத்தார்.

அவருடைய இரண்டு வருடம் முடிந்தது. பம்பாய் போய் மாறும் மாலை விமானம். வழியனுப்ப நானும் கன்னியம்மாவும் போனோம். கன்னியம்மா ஏழு பிளாஸ்டிக் பைக்குள் வஞ்சிரக் கருவாடு கட்டி எடுத்து வந்திருந்தார். மாரித் அதைக் கைப்பையில் மடித்த புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டார். உள்ளே போகும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கன்னியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“மாரி, கேட்டுக்கோ. குளுர்ல தலைக்கு ஊத்திகினு நிக்காத. உங்க அப்பன்கிட்ட சொல்லு, இங்க ஒருத்தி மூச்சு உட்டுகினு கீறா, அது உன் பொண்ணு குடுத்ததுன்னு. கண்ணாலம் கட்டிக்கோ, கட்டாட்டியும் நல்லா துன்னு. செவ்வாக்கெயம நான் மீனோட வர்றப்ப உன் வூட்டு வாசல பாக்க மாட்டேன், நேரா போய்டுவேன். நீ பூட்டா இந்த சாரு ஆளே இருக்க மாட்டாரு, அதையும் தெரிஞ்சிகினு போ. சார், சொல்லு. எல்லாத்தையும்.”

சொன்னேன். குளிர், அப்பா, மூச்சு, கல்யாணம், வாசல். வாசலோடு நிறுத்தினேன்.

மாரித் என்னைப் பார்த்தார். “ஒன்றை விட்டுவிட்டீர்கள்.”

அவர் தமிழ் கற்றது யாரிடம் என்பதை நான் மறந்திருந்தேன். “அது அவ்வளவு முக்கியமில்லை” என்றேன். “நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பி, தமிழில் சொன்னார்:

“ஒரு மாதிரியா கீது சார்.”

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. கன்னியம்மா என் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அன்னிக்கு நான் சொன்னதுக்கு ஓடியாந்த. இப்ப இன்னாத்துக்கு நிக்கிற?”

“உள்ள போக டிக்கெட் வேணும்மா.”

“அன்னிக்கு பஸ் ஸ்டாப்புக்கு இன்னா டிக்கெட்டு வாங்கின நீ?”

அதற்குப் பிறகும் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எந்த நோயாளியின் ஒரு வார்த்தையையும் விட்டதில்லை. இப்போது மாலையில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். விமானம் தலைக்கு மேல் வந்து, சக்கரங்கள் மெல்ல உள்ளே மடிந்துகொள்ளும்வரை பார்க்கிறேன். யாரோ வீட்டுக்குப் போகிறார்கள்.

அடுத்த முறை என்னைப் பார்க்கும்போது “எப்படி சார் இருக்கீங்க?” என்று கேட்பீர்கள். “நல்லா இருக்கேன்” என்று சொல்வேன். அப்படியே எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். மீதி இரண்டு பங்கு எங்கே என்று கேளுங்கள்.